பிஞ்சுக் கொடியில் ஓடிய கத்தரி

காமயகவுண்டன்பட்டியில் பேச்சியக்காவின் திராட்சைத் தோட்டத்தில், பிஞ்சு பிடித்திருந்த பந்தலில் பாதியை ஒரே ராத்திரியில் நான் வெட்டிச் சாய்த்தேன். அங்கே கொடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலைக்கு மேஸ்திரி நான்தான். பிஞ்சுக் கொடியில் கத்தரி வைக்கக் கூடாது என்று ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

அதற்கு முன் பல நாள் எனக்குத் தூக்கமில்லை. களைப்பும் இல்லை. மனசு அவ்வளவு தெளிவாக இருந்தது. இப்போதே வெட்டினால் கொடி இரண்டு மடங்கு காய்க்கும் என்று தோன்றியது. தோன்றியது என்ன, தெரிந்தது. யாராவது கேட்டிருந்தால் காரணங்களை அடுக்கியிருப்பேன். காலையில் ஆட்கள் வந்து கத்தரியைப் பிடுங்கினார்கள்.

தேனியில் மனநல டாக்டரிடம் காட்டி, மருந்து சாப்பிட்டுத் தெளிந்து வந்தேன். கூட வேலை பார்த்த சின்னச்சாமி ஆறுதல் சொன்னார்.

"நீயா வெட்டுன? வியாதில்ல வெட்டுச்சு. விடுப்பா."

கேட்க இதமாக இருந்தது. ஆனால் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒரு தோட்டத்தில் கொடிகளுக்குச் சாம்பல் நோய் வந்திருப்பதைச் சொன்னேன். "மாத்திரை போட்டியா?" என்று கேட்டார்கள். கொடியில் நோய் இருந்தது உண்மை. என் தப்பு வியாதியுடையது என்றால், நான் சரியாகச் சொல்வதும் என்னுடையது இல்லை போலிருக்கிறது.

பேச்சியக்காவிடம் போய், "நான் செய்யலக்கா, வியாதி..." என்று இழுத்தேன்.

"வியாதிய நான் என்னத்தக் கண்டேன்? வெட்டுனது ஒன் கை. வெட்டுன எடத்துல வர்ற தளிர நீதான் வந்து கம்பியில கட்டணும். இன்னொண்ணு, ஒறக்கம் வரலைன்னா கத்தரிய எங்கிட்டக் குடுத்துரு. அந்நேரம் ஒனக்கு எது சரின்னு பட்டாலும் குடுத்துரு."

தலை நிமிர முடியவில்லை. ஆனாலும் என்னை ஒரு ஆளாக மதித்துத் திட்டியவர் அவர் ஒருவர்தான். வேலைக்குப் போனேன்.

அடுத்த கவாத்து சமயத்தில் மறுபடியும் தூக்கம் போனது. காலையில் பந்தலுக்கடியில் நின்றால் எந்த மொட்டு காய்க்கும் என்று பளிச்சென்று தெரிந்தது. அப்படித் தெரிந்ததுதான் பயமாக இருந்தது. ஆட்கள் எல்லோரும் பார்க்க, பேச்சியக்காவிடம் போய்க் கத்தரியை நீட்டினேன். அவமானத்தில் காது சுட்டது.

"இன்னைக்கு என்னைய நம்பாதீகக்கா."

வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"டாக்டரப் பாத்துட்டு வா. ஒன் வரிசைய யாரும் தொட மாட்டாக."

கவாத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் தொழில் கேட்பார்கள். என் தொழிலில் நானாக முடிவெடுத்துச் செய்த காரியம் எது என்று கேட்டால், அன்றைக்குக் கத்தரியைக் கொடுத்ததைத்தான் சொல்வேன். சொல்லும்போது இப்போதும் கூசத்தான் செய்கிறது.