விற்கும் முன் இடிக்க வேண்டிய சுவர்

பெரியக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வயதுக்கு வந்த நாளிலிருந்து அடுத்தவர் கடையில் நின்றுகொண்டு பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். கடைக்கு வருகிறவர்கள் அவளை அக்கா என்பார்கள். தம்பியும் தங்கையும் அக்கா என்பதில் அதிசயமில்லை. கடை முதலாளியம்மா அவளைவிடப் பத்து வயது மூத்தவள், அவளும் அக்கா என்பாள்! ஊருக்கே அக்காவாக இருந்தும் அவள் பேச்சு எங்கேயும் எடுபட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் "சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

கத்திரி கையில் இருக்கும்போது மட்டும் யார் சொல்லையும் கேட்க மாட்டாள். இடுப்பு வரை முடி வைத்திருக்கிற ஒருத்தி திடீரென்று வந்து, "கழுத்தளவுக்கு வெட்டிடுங்கக்கா" என்றால் உடனே வெட்டிவிட மாட்டாள். முடியை மடித்து மடித்துக் கிளிப் போட்டு, கழுத்தளவுக்குத் தூக்கி நிறுத்துவாள். "இப்படியே கண்ணாடியப் பாத்துட்டு உக்காருங்க, அடுத்த ஆள முடிச்சுட்டு வரேன்" என்று நகர்ந்துவிடுவாள். திரும்பி வரும்போது பாதிப் பேர், "நுனிய மட்டும் வெட்டுங்க, போதும்" என்பார்கள். முதலாளியம்மாவுக்கு வயிறு எரியும்.

அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு வீடு மூன்று பேருக்கும் பொது. பெரியக்கா மட்டும் அதில் குடியிருந்தாள். விற்றுவிடலாம் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தில் அப்படி நடப்பது அபூர்வம். பெரியக்காவுக்கு அவசரம் இருந்தது. மெயின் ரோட்டில் முன்னால் கடையும் பின்னால் ஒரு அறையும் சமையலறையுமாக ஒரு சின்ன இடம் விலைக்கு வந்திருந்தது. சொந்தமாக ஒரு பார்லர் வைக்க வேண்டும் என்று அவள் எத்தனையோ வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். நல்ல மனிதர், ஆனால் கறாரானவர்.

"மாசக் கடைசி வரைக்கும் உனக்காக வச்சிருக்கேன்மா. அதுக்குள்ள அட்வான்ஸ் வரலன்னா செல்போன் கடைக்காரருக்குக் கொடுத்துடுவேன். அவரு தினமும் வந்து நிக்கிறாரு."

இந்த நேரம் பார்த்துத்தான் தம்பி தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தான். மச்சான் கட்டட கான்ட்ராக்டர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அன்றும் பிதுக்கினார்.

"இப்படியே வித்தா எவன் வாங்குவான்? ஹால் ஒரே இருட்டு. இந்தச் சுவத்த இடிச்சுப் பெரிய ஜன்னலா வைக்கணும். சமையலறைக்குப் புதுக் கல்லு, மேல சீலிங்கு. ஆறேழு மாசத்துல அரண்மனையாக்கிக் காட்டறேன்."

"செலவ விலையில ஏத்திடலாம்க்கா" என்றான் தம்பி. "என்ன சொல்றே?"

பெரியக்கா என்ன சொன்னாள்? "சரி" என்றாள்! கடை கைநழுவிப் போகிறது என்று தெரிந்தும் பாழாய்ப்போன பழக்கம் வாயை முந்திக்கொண்டது. மச்சான் சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் கடையில் ஒரு பெண்ணின் முடியை மடித்துக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது. கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்த்தாள். அடுத்தவள் முடிக்கு இத்தனை யோசிக்கிறவள், சொந்த வீட்டை இடிக்கக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு அவள்மீதே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வா. தங்கச்சியையும் வரச் சொல்லு. இடிக்கறதுக்கு முன்னாடி வீட்டக் காலி பண்ணிப் பாக்கணும். அவங்கவங்க சாமான அவங்கவங்க எடுத்துட்டுப் போங்க."

"என் சாமானுக்கும் வீடு விக்கறதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"வாடா, சொல்றேன்."

அந்த வீட்டில் மூன்று பேரின் சாமானும் அடைந்து கிடந்தது. தங்கையின் தையல் மிஷின், அவள் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்ட தொட்டில், சைக்கிள். தம்பியின் கல்லூரிப் புத்தகங்கள் அடுக்கிய ஆளுயர பீரோ. பெரியக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. என்றைக்காவது பார்லர் வைக்கும்போது ஆகும் என்று மலிவாகக் கிடைத்த இரண்டு சுழல் நாற்காலிகளை வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் நடு ஹாலில் நிறுத்தி வைத்திருந்தாள். வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஞாயிறன்று முதலில் அதைத்தான் பக்கத்து வீட்டு ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் மற்ற இருவரும் வாயைத் திறக்க முடியவில்லை. தங்கை முணுமுணுத்துக்கொண்டே தன் பங்கை வண்டியில் ஏற்றினாள்.

மிச்சம் இருந்தது பீரோ. அதை நகர்த்த முடியும் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததே இல்லை. அதையும் ஒரு சுவராகவே பாவித்து, வெள்ளையடிக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் அடிப்பார்கள். தம்பி, அவனோடு வந்திருந்த மச்சான், தங்கை, பெரியக்கா நான்கு பேரும் சேர்ந்து மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள்.

பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது.

பொந்து இல்லை, ஓட்டை இல்லை, இரண்டு கதவும் கம்பியுமாக முழு ஜன்னல். தம்பி வெளியூர் வேலைக்குப் போனபோது, "ரெண்டே மாசம், வந்து எடுத்துக்கறேன்" என்று பீரோவை அதன் முன்னால் வைத்துவிட்டுப் போனவன்தான். அப்போது தங்கைக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அவரவர் கையால் திறந்து மூடிய ஜன்னலை அத்தனை பேரும் சுத்தமாக மறந்து போயிருந்தார்கள். மச்சானின் சாக்பீஸ் கட்டம் அதிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது.

பெரியக்கா தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு ஓங்கி ஒரு குத்து விட்டாள். கதவு திறந்தது. வெயில் ஹாலுக்குள் வந்து விழுந்தது. தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பி முகத்தில் அசடு வழிந்தது.

மச்சான் மட்டும் அசரவில்லை. "ஜன்னல் வேலை மிச்சம். சீலிங்கையும் சமையலறையையும் ஆரம்பிச்சுடலாம்."

"வேணாம்" என்றாள் பெரியக்கா.

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததா என்று மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்ரூம்ல ஒழுகுறத அடைப்போம். குழாய மாத்துவோம். வெள்ளையடிப்போம். அதோட சரி. அடுத்த வாரம் ஆளக் கூட்டிட்டு வந்து காட்டுவோம்."

"விலை குறைஞ்சு போச்சுன்னா?"

"குறைஞ்சா என் பங்குல கழிச்சுக்கடா. உங்களுக்கு அரண்மனை கட்டித் தர்றதுக்குள்ள என் கடை போயிடும். எனக்கு அந்தக் கடை வேணும்."

இத்தனை வருடத்தில் "எனக்கு வேணும்" என்று அவள் சொல்லி அந்த வீடு கேட்டதில்லை.

முன்பு ஒரு முறை வந்து, இருட்டு என்று வாசலோடு திரும்பிப் போயிருந்த கணவனும் மனைவியும் மறுபடி வந்தார்கள். இரண்டு பேருமே டெய்லர்கள். அந்த அம்மா நேராக ஜன்னலடிக்குப் போய் முந்தானையை வெளிச்சத்தில் விரித்துத் தையலைப் பார்த்தார். பாத்ரூமில் ஒழுகியதையும் அடைத்ததையும் பெரியக்கா ஒளிக்காமல் சொன்னாள். மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சமையலறையைப் பார்த்துவிட்டு வந்த அந்த அம்மா சொன்னதுதான் வேடிக்கை.

"மேடை பழசுதான். நல்லவேளை, நீங்க புதுசா எதுவும் போடல. நான் குள்ளம், எப்படியும் என் உயரத்துக்கு இடிச்சுத்தான் கட்டணும். நீங்க போட்டிருந்தா அதுக்கும் சேத்துல்ல விலை சொல்லியிருப்பீங்க?"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை.

"விலைய யாருகிட்டப் பேசணும்?" என்று கணவர் கேட்டார். வழக்கமாக இந்த இடத்தில் தம்பி ஓர் அடி முன்னால் வருவான். அன்று பின்னால் நகர்ந்தான்.

"அக்காகிட்டப் பேசுங்க. அக்கா சொல்றதுதான்."

தம்பி மனதில் போட்டு வைத்திருந்ததைவிடக் கூடுதலாகவே ஒரு விலையைப் பெரியக்கா சொன்னாள். அவர் குறைத்துக் கேட்டார். அவள் இறங்கவில்லை. கடைசியில் அந்த அம்மாதான், "ஏங்க, ஜன்னலப் பாத்தீங்கள்ல, பேசாம கொடுங்க" என்று முடித்து வைத்தார். அவர்கள் கொடுத்த முன்பணத்தை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே பெரியக்கா அட்வான்ஸோடு வாத்தியார் வீட்டு மணியை அடித்தாள். செல்போன் கடைக்காரர் வாசலில்தான் நின்றிருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

பத்திரமெல்லாம் முடிந்து கடைச் சாவி கைக்கு வந்த மறுநாள், ஒயர் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன் வாசலில் நின்று, "ஓனர் இருக்காங்களா?" என்று கேட்டார். பெரியக்கா பழக்கதோஷத்தில் முதலாளியம்மாவைக் கூப்பிடத் திரும்பினாள். பின்னால் யாரும் இல்லை, காலி அறைதான் இருந்தது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

"நான்தாம்ப்பா. உள்ள வா."