வெள்ளை ஞாயிற்றுப் படம்

சமோவாவின் தலைநகர் அப்பியாவில், பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிறு வந்தால் படம் பிடிக்கும் எங்கள் லோசாவுக்குத் தலைவலியும் வந்துவிடும். உச்சி வெயிலில் சர்ச் வாசலில் பிள்ளைகள் எல்லோரும் வெள்ளை உடுப்பில் நிற்பார்கள். முகம் தெரிய வெளிச்சத்தைக் கூட்டினால் உடுப்பு வெறும் சுண்ணாம்பாகிவிடும். குறைத்தால் முகம் இருண்டுவிடும்.

“ராப்பகலா உக்காந்து தைச்ச லேசுப் பின்னல் எங்கடீ?” என்று, மகளின் படத்தைப் பார்த்த மலியா சண்டைக்கே வந்துவிட்டாள்.

லோசா வீடியோக்களைப் பார்த்து, எடுத்த படத்திலேயே கணினியில் முகத்துக்கும் உடுப்புக்கும் தனித்தனியாக வெளிச்சம் வைக்கக் கற்றுக்கொண்டாள். மூன்று நாளில் கழுத்து ஒடிந்துபோனது. ஆனால் லேசின் ஒவ்வொரு பூவும் தெளிவாகத் தெரிந்தது.

மலியா திரையில் மூக்கு உரசப் பார்த்தாள். பூக்களுக்கு நடுவே, மகள் காலையில் சிந்திய கோகோக் கறை.

“ஐயோ, சர்ச்சுல யாரு கண்ணுக்குமே படலையேடீ! முன்னாடி மாதிரியே ஆக்கிடு.”

 மூன்று நாள் வேலை ஒரே பொத்தானில் போனது.