கம்பளிக்குள் ஒரு மைதானம்

மாமா ஒரு மைதானத்தையே அழித்துவிட்டு மறுபடி கொண்டுவந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் தம்பியான அவர் எம்பிலிப்பிட்டியவில் ஒரு போன் கடை வைத்திருந்தார். தன் பழைய கம்ப்யூட்டரை றக்வானைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்கள் லயத்து வீட்டில் கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரு கிரிக்கெட் விளையாட்டு. பள்ளி விட்டால் அண்ணனும் நானும் அதன் முன்னால்தான். சில வாரங்களில் அது பழுதானது. பந்துவீச்சாளர் ஓடி வருவார், பாதி வழியில் நின்றுவிடுவார். பந்து அந்தரத்தில் தொங்கும்.

மாமா வந்து பார்த்தார். "அழிச்சிட்டுப் புதுசா போடணும். அப்பவும் சரிவரலன்னா நான் கொண்டுபோயிர்றேன். கடையிலயாவது ஒதவும்" என்றார். அண்ணன் முகம் விழுந்துவிட்டது.

அம்மா கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றிப் போர்த்தியிருந்த கம்பளியை மாமா எடுத்து மடித்துக் கட்டிலில் வைத்தார். வீட்டிலிருந்த நல்ல கம்பளி அதுதான். பனி இறங்கும் வீட்டில் தம்பியின் பொருள் ஈரமாகிவிடக்கூடாது என்று, நாங்கள் விளையாடும்போதும் அம்மா திரையை மட்டும்தான் விட்டுவைப்பார்.

மாமா எதையோ அழுத்தினார். புல், கூட்டம், அண்ணன் அடித்த சதம், எல்லாம் போய்விட்டன.

"எங்க மாமா போச்சு?"

"எங்கயும் போகலடி. இந்தத் தட்டுக்குள்ளதான் இருக்கு."

சிடியை விரல்நுனியில் ஏந்திக் காட்டினார். அதில் என் முகம்தான் தெரிந்தது.

திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. "சோறு வேகுறதுக்கு முன்னாடி முடியுங்களா தம்பி?" என்று வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. கோடு முடிந்ததும் எங்கள் சின்ன அறைக்குள் ஒரு மைதானமே ஆர்ப்பரித்தது. பந்துவீச்சாளர் நிற்காமல் ஓடி வந்து பந்தைப் போட்டார். மாமா எனக்கு மாமாவாகவே தெரியவில்லை.

அவர் பஸ் ஏறியதும் அம்மா கம்பளியை எடுத்து, ஓரங்களைச் செருகிப் போர்த்தினார். இருட்டுவதற்குள் பந்து மறுபடி அந்தரத்தில் நின்றது. கம்பளிக்குள் கையை விட்டேன். காய்ச்சல்காரர் நெற்றியைப் போலச் சுட்டது.

"பனி பட்டிருக்கும்" என்று அம்மா இன்னொரு போர்வையையும் மேலே போட்டார்.

அடுத்த முறை வந்தபோது மாமா அதைக் கொண்டுபோய்விட்டார்.

பள்ளி விடுமுறைக்கு எம்பிலிப்பிட்டிய போனோம். நின்றாலே வேர்க்கும் வெயில். கடை மேசையில் கம்ப்யூட்டர் எதுவும் போர்த்தாமல் இருந்தது. பந்துவீச்சாளர் ஓடிக்கொண்டே இருந்தார். "நான் ஒண்ணும் செய்யலடா, தானா சரியாயிருச்சு" என்றார் மாமா. அண்ணன் நம்பவில்லை.

போன வாரம் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் என் மகனின் தொப்பியையும் இரண்டாவது சுவெட்டரையும் கழற்றினார். "காய்ச்சல் இல்லம்மா, புள்ளைக்குப் புழுங்குது" என்றார். வெளியே பனி இறங்கியிருந்தது. சுவெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றேன்.

விடுமுறையில் மாமா கடைக்குப் போன அன்று அந்தப் பெட்டியையும் தொட்டுப் பார்த்திருந்தேன். சூடே இல்லை. நாங்கள்தான் அதைச் சரியாகப் போர்த்தவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.