பூ வைத்த கேஸ் தோங்

என் பெரியம்மா ராசம்மாவின் மூத்த மகன் செல்லப்பன் அண்ணன். அவருடைய இரண்டாவது பிள்ளைதான் மனோகரன். எனக்கு மருமகன் முறை, அத்தை என்று கூப்பிடுவான். ஜொகூர் பாரு பக்கம் எங்கள் பெர்மாஸ் ஜெயாவில் அவன் கால் படாத அடுப்படி குறைவு. சமையல் கேஸ் அடைத்த தோங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டில் நாலு மாடி ஏறுவான். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியும் அந்த நடை மாறவில்லை.

தோங் கொண்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும் என்றால் நம்மவர்கள் மனோகரனைத்தான் கூப்பிடுவார்கள். அது எப்படி வந்தது என்றால், ரொம்ப வருடத்துக்கு முன்பு ஒரு வீட்டில் பால் காய்ச்சும் நேரத்துக்குக் கேஸ் தீர்ந்துவிட்டது. ஓடிப்போய் தோங் மாட்டி அடுப்பையும் இவனே பற்றவைத்தான். அந்த மாதமே அந்த வீட்டுப் பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அந்த அம்மா கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஐயரோடு சேர்த்து இவனுக்கும் நேரம் சொல்லுவார்கள். தோங்கை மாட்டி, அதன் வாயில் சோப்பு நுரை தடவிக் கேஸ் கசிந்து குமிழி வருகிறதா என்று பார்த்து, அடுப்பைப் பற்றவைத்து, பால் பொங்கி முடியும்வரை அங்கேயே நிற்பான். அப்புறம்தான் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்வான்.

ஊர் வீட்டுக்கெல்லாம் செய்தவனுக்கு ஒரே மகள், லோஷினி. அவள் வீட்டு அடுப்பையும் தன் கையாலேயே பற்றவைக்க வேண்டும். அவனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அதைச் சொல்லுவான்.

லோஷினிக்குப் போன தை மாதம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மதிவாணனுக்குப் பொந்தியான் பக்கம் கரண்ட் எடுக்கும் இடத்தில் வேலை. கப்பலில் நிலக்கரி வந்து இறங்கும், அதை எரித்துத்தான் கரண்ட். இருவரும் ஜொகூர் பாருவில் கடல் தெரிகிற மாதிரி ஒரு கொண்டோ வீடு வாங்கினார்கள். அந்தக் கட்டடத்தில் கேஸ் தோங் ஏற்றக் கூடாது, எல்லாம் கரண்ட் அடுப்புதான். லோஷினி இதை அப்பனிடம் முன்பே சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான், மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. "ஒரு காலைக்குத்தானேம்மா, யார் கேப்பா," என்றான்.

பால் காய்ச்சும் அன்று விடிந்ததும் என்னையும் லோரியில் ஏற்றிக்கொண்டான். பின்னால் புதுத் தோங் ஒன்று. அவன் மனைவி யோகேஸ்வரி அதைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தாள். அவள் மடியில் அவளுடைய கல்யாணத்துப் பித்தளைப் பானை. பொண்ணை அழைத்துப் போகிற மாதிரி போனோம்.

வாசலில் காவலுக்கு நின்ற கார்டு பையன் மறித்துவிட்டான். "அங்கிள், கேஸ் தாக் போலே நாயிக் லா," கேஸ் மேலே ஏற்றக் கூடாது என்று தலையை ஆட்டினான். மனோகரன் கெஞ்சினான், சிரித்தான், பூவைக் காட்டினான். அந்தப் பையனும் சிரித்தான், ஆனால் விடவில்லை. தோங் லோரியிலேயே நின்றது. மனோகரன் வெறுங்கையோடு லிஃப்டில் ஏறினான். தோங் தூக்கத் தோளில் போட்ட துண்டை எடுக்கக்கூட மறந்துபோனான்.

மேலே மாப்பிள்ளையின் அம்மா அங்கம்மா எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை. அவள் தன் பங்குக்கு ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லைக் கொண்டுவந்திருந்தாள். யோகேஸ்வரி அதைப் பார்த்து என் காதில், "புது வீட்டுக்குப் போய் இந்தக் கரியை யாராச்சும் கொண்டாருவாங்களா அத்தை," என்றாள்.

ஐயர் சாமி படத்துக்குத் தீபம் காட்டிவிட்டு, நேரம் ஆகிறது என்றார். பித்தளைப் பானையில் பாலை ஊற்றிக் கண்ணாடி மாதிரி இருந்த அடுப்பின் மேல் வைத்தார்கள். மதிவாணன் தொட்டான். அது டிங் டிங் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. மறுபடியும் தொட்டான். மறுபடியும் அதே கத்தல்.

"என்னடா இது, பூனை மாதிரி கத்துது?" என்றாள் அங்கம்மா. "நெருப்பு எங்கடா?"

"நெருப்பு இங்க இல்லம்மா. பொந்தியான்ல எரியுது."

"பொந்தியான்ல எரிஞ்சா இங்க ஜேபில பால் பொங்குமா? உன்னை வேலைக்கு வெச்சாங்களே, அவங்களைச் சொல்லணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். மனோகரன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் கீழே நின்ற லோரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பித்தளை இதுல சூடாகாது மாமா," என்று மதிவாணன் மெதுவாகச் சொன்னான். "காந்தம் ஒட்டுற பாத்திரமா இருக்கணும். அதை இன்னும் வாங்கல."

லோஷினி ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த மீன் பொம்மையைப் பிய்த்தாள். அவர்கள் மெர்சிங் போனபோது வாங்கியது, பின்னால் காந்தம். சீர்த்தட்டில் இருந்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தாள். வழுக்கி விழுந்தது. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யோகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா வீட்டுப் பானையில பொங்கலைன்னா என்னடி அர்த்தம்," என்றாள்.

அப்போது அங்கம்மா, "இதையும் பாரேன், கரிதானேன்னு விட்டுட்டீங்க," என்று தோசைக்கல்லை நீட்டினாள். யோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். மீன் பொம்மை கல்லில் டப்பென்று ஒட்டிக்கொண்டது.

"அலமாக், ஒட்டிக்கிச்சு!" என்றாள் லோஷினி. கல்லை அடுப்பில் வைத்து, அதன் மேல் பித்தளைப் பானையைத் தூக்கி வைத்தார்கள். மதிவாணன் கையை நீட்டினான்.

"டேய், நீ தள்ளு," என்றாள் அங்கம்மா. "அண்ணே, வாங்க. ஊரான் வீட்டுக்கெல்லாம் கைராசி, சொந்த மகளுக்கு இல்லையா?"

மனோகரன் வந்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எங்கே தொட வேண்டும் என்று மகளைப் பார்த்தான். அவள் அவன் விரலைப் பிடித்து வைத்தாள். சிவப்பு வெளிச்சம் வந்தது, கத்தல் வரவில்லை. கல் சூடேறி, பானை சூடேறி, பால் ஓரத்தில் நுரை கட்டியது. நான் மனோகரனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இடது கை தானாகக் கீழே போய், அடுப்புக்குக் கீழே இல்லாத தோங்கின் தலையைத் தேடியது. இழுப்பறையின் பிடிதான் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பால் பொங்கிக் கல்லில் சுர்ரென்று வழிந்து கண்ணாடியில் ஓடியது. பொங்கலோ பொங்கல் என்று கத்துகிற நேரத்தில் அடுப்பு ஒரு டிங் சொல்லிவிட்டுத் தானே அணைந்தது.

"ஐயோ, அணைஞ்சிருச்சே!" என்றாள் யோகேஸ்வரி. சகுனம் என்று நினைத்துவிட்டாள்.

மனோகரன் அடுப்பைக் குனிந்து பார்த்தான். பழக்கம், மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். கேஸ் வாடை எங்கே வரும், பால் வாடைதான்.

"ஏன் கவலப்படுறே யோகா," என்றான். "கேஸ் அடுப்புல பால் வழிஞ்சா தீ அணைஞ்சிரும், கேஸ் வந்துகிட்டே இருக்கும். எல்லாரும் பாலைப் பாத்துக் கும்பிட்டுகிட்டு இருப்பாங்க, அடுப்பை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. அதுக்குத்தான் நான் தோங்கைப் பிடிச்சிகிட்டு நிப்பேன். கைராசியாவது ஒண்ணாவது. இது தானா மூடிக்குது. நான் இல்லாட்டியும் பிள்ள வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

லோஷினி முதல் டம்ளர் பாலை அவனிடம் கொடுத்தாள். "சீனி கம்மியா போட்டேம்பா," என்றாள்.

திரும்பும்போது நானும் லோரியில்தான் வந்தேன். யோகேஸ்வரி வீட்டிலேயே செய்து எடுத்துவந்த சர்க்கரைப் பொங்கலை ஒரு டப்பாவில் கொண்டுபோய் மனோகரன் கார்டு பையனுக்குக் கொடுத்தான். வழியில் போன் வந்தது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்கார அக்கா, காக்கா என்றுதான் கூப்பிடுவோம், அவளுக்குக் கேஸ் தீர்ந்துபோயிற்று. வேறு தோங் இல்லை, பூ வைத்ததையே இறக்கினான். அவள் இடுப்பில் கையை வைத்து, தோங்குக்கு இன்றைக்குப் பிறந்தநாளா என்று மலாயில் கேட்டாள்.

"என் மகள் வீட்டுல அடுப்பு மூட்டியாச்சு காக்கா," என்று அவனும் மலாயிலேயே சொன்னான். சரத்தைக் கழற்றாமல் தோங்கை மாட்டி, நுரை தடவி, குமிழி இல்லை என்று பார்த்து, அடுப்பைப் பற்றவைத்தான். நீலமாக எரிந்தது. அவள் தேங்காய்ப்பாலைத் தூக்கி வைத்தாள்.

லோரியில் நான் காத்துக்கொண்டிருந்தேன். அவன் வருவதாய் இல்லை. தேங்காய்ப்பால் கொதித்து இறங்கும்வரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் வந்தான்.