மவுஸ் செத்த கண்ட்ரோல் ரூம்

கம்ப்யூட்டர் சர்வீஸில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஆஃப் செய்து ஆன் செய்வது. பாதி நோய் அதிலேயே போய்விடும். மீதிக்கு "மதர்போர்டு போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வரலாம். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கடலூர் வந்து, பல வருடம் நான் பார்த்த வைத்தியம் இது. ஒரு நாள் மட்டும் அதைச் செய்யவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. ஒருவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

1. பொட்டு வைத்த மவுஸ்

2006, ஆயுத பூஜை. செம்மங்குப்பம் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியிலிருந்து போன் வந்தது: "மவுஸ் வேல செய்யல, உடனே ஆள அனுப்புங்க." மவுஸுக்கு என்ன உடனே என்று நினைத்தபடி, ஆபீஸ் பொரியை மென்றுகொண்டு, பையில் ஒரு புது மவுஸோடு போனேன்.

கண்ட்ரோல் ரூமில் எக்ஸ்.பி. போட்ட பழைய டெஸ்க்டாப். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் ஆபரேட்டர் பாஸ்கருக்கு ஏ.சி.யிலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தொடச்சி பொட்டு வைக்கலாம்னு மவுஸக் கழட்டனேன் சார். திரும்ப சொருவனேன். அசையவே மாட்டேங்குது."

"மெஷின் ஓடும்போதேவா?"

"மிக்ஸி மாதிரிதானன்னு நெனச்சிட்டேன் சார்."

"மிக்ஸிய ஓடும்போது கழட்டுவீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

அந்த மவுஸ் யூ.எஸ்.பி. அல்ல, உருண்டைப் பின் வைத்த பி.எஸ்.2. ஓடும்போது பிடுங்கினால், திரும்பச் சொருகினாலும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. பூட் ஆகும்போது மட்டும்தான் அட்டெண்டன்ஸ் எடுக்கும். நடுவில் வெளியே போனவன் ஆப்சென்ட்.

"ஒரு ரீஸ்டார்ட், முடிஞ்சுது" என்று பட்டனை நோக்கி விரலை நீட்டினேன். பாஸ்கர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சார்! ரியாக்டர் ஓடுது. இத நிறுத்துனா கூலிங் தண்ணி பம்ப்பும் நின்னுடும். உள்ள என் மச்சான் நிக்கிறான்."

2. அம்பு

திரையில் ஒரு தொட்டியின் படம். பக்கத்தில் சிவப்பில் ஓர் எண். ரியாக்டரின் சூடு அது. சூடு ஏறினால், தண்ணீர் வால்வின் படத்தைக் கிளிக் செய்து இன்னும் திறக்க வேண்டும். கிளிக் செய்ய வழியில்லாததால், பாஸ்கரின் தங்கை கணவர் ஏழுமலை ரியாக்டர் பக்கத்திலேயே போய் நின்று, துருப்பிடித்த கை வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது.

"மச்சான், பாதிக்கு மேல சுத்த மாட்டேங்குது. நம்பர் எவ்ளோ?"

"ஏறுது மச்சான். நீ வெளில வந்துடு."

"கம்பி போட்டு நெம்பிப் புடிச்சிருக்கன். வுட்டா திரும்பிக்குது. வந்துட்டா யாரு புடிக்கறது? கம்ப்யூட்டர்காரன் வந்துட்டானா?"

"வந்துட்டாரு."

"எப்பிடி, கெட்டிக்காரனா?"

பாஸ்கர் என்னைப் பார்த்தார்.

மேனேஜர் வாசலுக்கு வெளியே, தன் காரின் கதவைப் பிடித்தபடி, "யாரும் டென்ஷன் ஆவாதீங்க" என்று எங்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். பையிலிருந்த புது மவுஸை எடுத்தேன், திரும்ப வைத்தேன். அதுவும் உருண்டைப் பின்தான்; சொருகினாலும் ஆப்சென்ட்தான். ஓடும் மெஷினில் போர்ட் ஷார்ட் ஆனால் கீபோர்டும் போய்விடும்.

கீபோர்டு! அது உயிரோடுதான் இருந்தது.

இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ஓரத்து எண் பட்டன்களாலேயே அம்பை நகர்த்தலாம். எப்போதோ படித்தது. கஸ்டமர் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் மவுஸ் விற்காது. அழுத்தினேன். மூன்றில் ஒன்று சரியாக அழுந்தாததில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். ஒரு பெட்டி வந்து 'சம்மதமா' என்றது. என்டர் தட்டினேன்.

அம்பு நகர்ந்தது. நகர்ந்தது என்பது பெரிய வார்த்தை. மழை நாளில் சுவரேறும் நத்தை அதைவிடச் சுறுசுறுப்பு. சிவப்பு எண் மட்டும் வேகமாக ஓடியது. வால்வின் படத்துக்குப் பக்கத்தில் போய், நான் பதற்றத்தில் விரலை எடுக்காததால், தாண்டிப் போய்விட்டது.

"மச்சான்," வாக்கி டாக்கியில் இருமல். "வாட ஜாஸ்தியா வருது."

"வந்துடுடா! தங்கச்சிக்கு நான் என்னடா சொல்றது?"

உள்ளிருந்து இருமல் மட்டும் வந்தது.

அம்பைத் திருப்பிக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு தட்டாக. வால்வின் மேல் நின்றது. கிளிக்குக்குப் பதிலான ஐந்தாம் எண்ணைத் தட்டினேன். வால்வு எத்தனை சதவீதம் திறக்க வேண்டும் என்று கேட்கும் பெட்டி திறந்தது.

"நூறு போடுங்க சார், நூறு!"

போட்டேன். எண் இன்னும் ஏறியது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அன்று மானிட்டரில் இருந்த குங்குமத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏறிய எண் நின்றது. பிறகு, ரொம்ப யோசித்து, ஒன்று குறைந்தது.

"தண்ணி வருது மச்சான்! பைப்பு அதுருது!"

"வுட்டுட்டு வாடா வெளில!"

ஏழுமலை வந்தார். கண் சிவந்திருந்தது. கம்பியைப் பிடித்த கை விரல்கள் விரியவில்லை. பாஸ்கர் தரையில் உட்கார்ந்து, மச்சானின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார்.

3. முதல் கேள்வி

ரியாக்டரில் ஓடிய சரக்கு, அந்த பேட்ச், முடிந்த பிறகுதான் ரீஸ்டார்ட் செய்தோம். மவுஸ் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.

அன்றிலிருந்து, போன் வந்தால் லைட் எரிகிறதா, பீப் வருகிறதா என்று கேட்பதற்கு முன்னால், "அத நம்பி யாராவது எங்கியாவது நிக்கிறாங்களா?" என்று கேட்பேன். பல பேர் என்னைக் கிறுக்கன் என்றே முடிவு செய்திருக்கிறார்கள். நெல்லிக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டர்காரர் மட்டும் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு பொண்ணு நிக்குது சார். காலேஜ் அப்ளிகேஷன் பாதி அடிச்சிருக்கு, இன்னிக்கிதான் கடைசி. வாசல்லயே நிக்குது, உள்ள வந்து உக்கார மாட்டேங்குது."

"ஆஃப் பண்ணிடாதீங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.