சேனை வைக்க ஒரு சுத்தமான விரல்

பிரசவ வார்டு நர்ஸுக்குப் பாதிப் பொழுது ஊரார் கையைப் பார்ப்பதிலேயே போய்விடும். ஜோசியருக்காவது கை பார்த்தால் தட்சணை உண்டு, நமக்குத் திட்டுதான். இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதரிகளே, சித்தூரில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஆந்திரா தனியாகப் பிரிந்து, திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு என்று டீக்கடைதோறும் சண்டை நடந்த சமயம் அது. எனக்கு வார்டுக்குள் வேறு சண்டை. எனக்கு வைத்த பெயரே 'வாய்க்காரி நர்ஸ்'.

போர்டு

நகரியிலிருந்து கன்னியம்மா என்ற நெசவுக்காரப் பெண் வந்து சேர்ந்தாள். முதல் இரண்டு பிரசவமும் வீட்டில்தான். தொப்புள்கொடியை நூல் அறுக்கும் கத்தியால் அறுத்துச் சாம்பலை வைத்திருக்கிறார்கள். இரண்டு குழந்தையும் வாயே திறக்காமல் கிட்டிப்போய், பால் குடிக்க முடியாமல், எட்டாம் நாள் போய்விட்டன. "இதாவது நிக்குமா நர்ஸம்மா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது, வாசலில் போர்டு வையுங்கள் என்று நேரே ஆபீஸில் போய்க் கத்தினேன்.

தெலுங்கு மேலேயா, தமிழ் மேலேயா என்று இரண்டு குமாஸ்தாக்கள் ஆரம்பித்தார்கள் பாருங்கள்! நாலு நாள் வெறும் பலகைதான் தொங்கியது. வார்டு பெருக்கும் முனியம்மா பலகையையும் பார்த்தாள், தன் கையையும் பார்த்தாள். "எந்தப் பாஷையில வேணா எழுதிக்கோங்க தாயீ, சோப்பு எங்க கீதுன்னு மொதல்ல சொல்லுங்க!"

தீர்த்தம்

சோப்பு ஸ்டோர் பீரோவில் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றிக் கிருமி கொல்லும் லைசால் கலந்து வாசலில் ஸ்டூல்மேல் வைத்தேன். அன்று பார்த்துக் கன்னியம்மா புருஷனுடைய அண்ணன் வடிவேலு வந்தார். தம்பிக்குக் குழந்தை தங்க வேண்டுமென்று திருமலையில் முடி கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு திருப்பதியிலிருந்து நேரே பஸ் ஏறி வந்தவர். பயபக்தியோடு பேசினில் கையை விட்டு ஒரு கை அள்ளி, கண்ணில் ஒற்றி, வாய்க்குக் கொண்டுபோய்விட்டார்! நான் பாய்ந்து போய்த் தட்டிவிட்டேன். மனுஷன் கொஞ்சமும் கோபப்படவில்லை. "வாசல்ல வச்சிக்கினு குடிக்காதேன்னா எப்படிம்மா? நெடியப் பாத்து மூலிகைத் தீர்த்தம்னு நெனச்சேன்."

சேனை

பகல் பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கத்தரிக்கோல், நூல் எல்லாவற்றையும் நானே கொதிக்கவைத்து எடுத்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை. அடுத்து சேனை வைக்க வேண்டுமாம். முதல் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைப்பவர் குணம்தான் குழந்தைக்கு வரும் என்று நம்மூரில் சொல்வார்களே, அதுதான். வடிவேலுவைவிட்டால் வேறு யார்? பொய் தெரியாது, கோபம் தெரியாது, நகரி முழுக்க நல்ல பெயர். மனுஷன் விரலை நீட்டினார். நகக்கண் பூரா மூக்குப்பொடி!

"அந்த விரல் குழந்தை வாய்க்குள்ளே போனால் நான் இன்றைக்கே வேலையை விட்டுவிடுவேன்" என்று கத்தினேன். அவருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. முடி கொடுத்துவிட்டு வந்தவனுக்கு ஒரு விரல் வைக்கக் கொடுப்பினை இல்லையா என்றார். அப்போது கட்டிலிலிருந்து கன்னியம்மா, "நர்ஸம்மாவே வைக்கட்டும்" என்றாள். அவள் புருஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அய்யய்யோ, இவங்க குணமா? வாயாடியால்ல வரும்!" என்று அலறினான். அவள் அசரவில்லை. நான் கையைத் தேய்த்துக் கழுவி, கொதிக்கவைத்த ஸ்பூனால் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தை நாக்கில் வைத்தேன். அவள் சொன்னது இதுதான்: "வாயாடியாவே வரட்டும். எம்புள்ள வாயத் தொறந்தாப் போதும்."

எட்டாம் நாள்

எனக்கு அன்று லீவு. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வார்டுக்குப் போய்விட்டேன். கன்னியம்மா காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. பாலுக்கு எழுப்பினாலும் எழவில்லை. நான் உதட்டைப் பார்ப்பதும் கன்னியம்மா என் முகத்தைப் பார்ப்பதுமாக நின்றோம். அந்த நேரம் வடிவேலு வந்து, ஆசையாகக் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினார். வாயைத் திறந்தது பாருங்கள்! அடுத்த வார்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஒரு கத்தல். கன்னியம்மா சிரித்தாள், அழுதாள், என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன். வடிவேலு மட்டும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பேசின் பக்கம் ஓடினார். "அப்பிடியே நர்ஸம்மாதான்! போயி கையக் கழுவிக்கினு வாடான்னுது!"

அதிலிருந்து யாராவது என்னை வாய்க்காரி என்றால், நகரியில் எனக்கு ஒரு வாரிசும் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுச் சோப்பை எடுத்து நீட்டுவது என் வழக்கமாகிவிட்டது.