பட்டுச்சா என்று மாமா கேட்டபோது

என் அக்காவின் கணவர் பாய்மரப் படகுப் பந்தயத்தில் நான்கு முறை தேசியச் சாம்பியன். கடத்தூர்ப் பக்கத்துக்காரர். கடலுக்கு இவ்வளவு தள்ளிப் பிறந்தவருக்கு அது எப்படி வாய்த்தது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், பட்டாளம். சேர்ந்த வருஷமே ஏரியில் ஒரு படகைக் கொடுத்து ஓட்டச் சொன்னார்கள், ஓட்டிவிட்டார். ஊரில் இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. "ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டறாங்களே, அந்த மாதிரிங்களா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. முதலில் விளக்கிப் பார்த்தார். பிறகு "ஆமாங்க" என்று சொல்லிவிடப் பழகிக்கொண்டார்.

நானும் அதே படைப்பிரிவில் சேர்ந்து அவருக்குத் துணையானேன். எங்கள் படகு இரண்டு பேர் ஓட்டுவது. சுக்கான் மாமா கையில். காற்று ஏறினால் இடுப்புப் பட்டையைப் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் மாட்டிக்கொண்டு வெளியே தொங்கி, படகு கவிழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பந்தயத்தில் கெட்ட வார்த்தை பேசாத சுக்கான்காரரை நான் அவரைத் தவிரப் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

அந்த வருஷம் ஜெயிக்கிறவர்களை ஆசியப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தது. முந்தைய வருஷங்களில் எங்கள் வகைப் படகுக்கு யாரையும் அனுப்பவில்லை. அடுத்த வருஷம் மாமாவுக்கு ஓய்வு. அதனால் அவருக்கு அது ஒன்றுதான் வாய்ப்பு. பாஸ்போர்ட்டை வாங்கி அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தார். அக்கா அதைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தாள்.

சென்னையில் கடைசிப் பந்தயம். பல பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டித்தான் சாம்பியன் யார் என்று முடிவாகும். நாங்கள் முதலில் போய்க்கொண்டிருந்தோம். பாதைக்கு அடையாளமாகப் போட்டிருந்த கடைசி மிதவையை நெருக்கமாகச் சுற்றித் திரும்பும்போது அதன் ரப்பர் என் முதுகை உரசியது. லேசாகத்தான். படகோ ஆளோ மிதவையில் பட்டால் அங்கேயே படகை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் தொடர வேண்டும். யாரும் விசில் ஊத மாட்டார்கள், பட்டவனே செய்ய வேண்டியதுதான். பின்னால் வந்த படகிலிருந்து ஒருவன் கத்தினான். பாயிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமா கேட்டார்.

"பட்டுச்சா மாப்ள?"

"இல்ல மாமா."

முதலாவதாக வந்தோம். கரையேறியதும் பின்னால் வந்தவர்கள் புகார் கொடுத்தார்கள். ஓர் அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்தாக இருந்தால் மச்சினன் சாட்சி செல்லாது என்று என்னை வெளியே நிறுத்தியிருப்பார்கள். இங்கே கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு முன்பாக மாமா சொல்லியிருந்தார், படவில்லை, என் ஆள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று. அதை அவர்கள் எனக்குப் படித்துக் காட்டினார்கள். பட்டது என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பந்தயத்திலிருந்து எங்களை நீக்கினார்கள். மொத்தத்தில் நான்காம் இடத்துக்குப் போனோம். உண்மையைச் சொன்னதற்காக அந்த மூவரில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அவமானமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஜோலார்பேட்டை தாண்டியிருந்தது. மாமா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அங்கயே சொல்லியிருந்தா ஒரு சுத்து சுத்திட்டுப் போயிருக்கலாமில்ல மாப்ள? மூணாவதா வந்திருந்தாக்கூட நம்மதான சாம்பியன்."

கணக்கு சரி. மூன்றாவது வந்திருந்தாலே போதும். அது எனக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான். முதலாவதாகப் போகிற வெறியில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அக்காவிடம் அவர் என்ன சொன்னாரோ, இன்றுவரை அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன மாதம் கடத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பாராட்டு விழா. மேடையில் நானும் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, "நாலு தடவ சாம்பியன், வெளிநாட்டுப் போட்டிக்கு மட்டும் ஏங்க போவல?" என்றார்.

மாமா என் பக்கம் திரும்பவில்லை.

"அந்த வருஷம் காத்து சரியில்லீங்க" என்றார்.

கூட்டம் கைதட்டியது. அந்த வருஷம் காற்று அருமையாக இருந்தது. அதைச் சொல்ல அங்கே என்னை விட்டால் ஆளில்லை. விழாவில் அவருக்குப் போர்த்திய சால்வையை நான் மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தேன்.